மாதா திருநாளின் கடைசிப் பேருந்து

ஜியெரி கசூத் 1973 முதல் 2011 வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள், வால்செர்னா என்னும் மலையூரின் தடத்தில் மஞ்சள் பேருந்து ஓட்டினார். கீழே ரயில் நிலையம். மேலே, மரங்கள் நின்றுபோய் வெறும் புல்வெளி தொடங்கும் இடத்தில் கடைசி நிறுத்தம். இடையில் நாற்பத்தேழு நிமிடப் பயணம். மலைநடைக்குப் போகிறவர்கள் அந்த நிறுத்தத்தில் இறங்குவார்கள்; கணவாயைக் கடந்து அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து நடந்து வருகிறவர்கள் அங்கேதான் ஏறுவார்கள். கோயில் மணி தப்பினாலும் ஜியெரியின் வண்டி நேரம் தப்பாது என்பது ஊரார் பேச்சு. அந்தப் பெயரை அவர் பொன்போலக் காத்துவந்தார்.

அவருக்கு ஒரே தங்கை, ஒத்தீலியா. நான்கு வயது இளையவள். 1974 ஜூனில் கணவாய்க்கு அப்பால் உள்ள கம்ப்ரெட் ஊரைச் சேர்ந்த யாக்கென் என்பவரை மணந்து, அவருடைய புராட்டஸ்டண்டுச் சீர்திருத்தச் சபையிலும் சேர்ந்தாள். வால்செர்னாவுக்கும் கம்ப்ரெட்டுக்கும் நடைவழி ஆறு மணி நேரம்தான். ஆனால் கத்தோலிக்கக் குடும்பமான கசூத் வீட்டுக்கு அது கடல் கடந்த தொலைவு. இந்த வீட்டிலிருந்து ஒருவரும் அந்தத் திருமணத்துக்குப் போகக்கூடாது என்றார் தந்தை. ஜியெரிக்கு அன்று பணிநாள். உடன் வேலை செய்தவர் ஒருவர், "நீ போய்ட்டு வாப்பா, உன் வண்டிய நான் பாத்துக்கறேன்" என்று தாமே முன்வந்தார். "வேணாம். வண்டி என் பேர்ல இருக்கு" என்றார் ஜியெரி. அந்தச் சொல் எப்படியோ கணவாயைத் தாண்டி மணப்பெண்ணின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

தந்தை 1995 அக்டோபரில் காலமானார். ஒத்தீலியா அடக்கத்துக்கு வந்து, கோயிலின் கடைசி வரிசையில் நின்று, எவரோடும் பேசாமல் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாள். மறு ஆண்டு ஆகஸ்டு முதல் வாரத்தில் ஓர் அஞ்சலட்டை வந்தது.

"அண்ணே, பதினஞ்சாம் தேதி வியாழக்கிழமை கணவாய் வழியா நடந்து வர்றேன். சாயங்காலம் உன் கடைசி வண்டியப் பிடிச்சிருவேன். நீதானே ஓட்டுவே? ஒரு ராத்திரி வீட்ல தங்கலாமா? உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஆகஸ்டு பதினைந்து மாதா விண்ணேற்புத் திருநாள். தாயின் பெயர் மரியா. சிறுவயதில் அண்ணனும் தங்கையும் அந்நாளில் விடியலில் எழுந்து மலைச்சரிவில் மூலிகை பறித்து, கட்டாகக் கட்டி, பூசையில் மந்திரிப்பதற்குக் கொண்டுபோவார்கள். அதை எண்ணித்தான் அந்த நாளைத் தேர்ந்திருக்கிறாள் என்று ஜியெரி மனம் நெகிழ்ந்தார். "நான்தான் ஓட்டுறேன். வா" என்று பதில் எழுதினார்.

அவர் மனைவி மார்கிரேத்தா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "நேரத்தயும் ஒரு வரி போட்டுருங்களேன். அன்னைக்கு லீவு நாள் வண்டிதானே?"

"மாதா திருநாளுக்கு வண்டி எப்பன்னு எங்க வீட்டுப் பொண்ணுக்கே நான் பாடம் எடுக்கணுமா? சபை மாறினதக் குத்திக் காட்ற மாதிரி ஆயிரும்டி."

"குத்துதோ குத்தலையோ, வண்டி போயிருமே."

"அவளுக்குத் தெரியும்" என்று சொல்லி அவர் அஞ்சல்தலையை ஒட்டிவிட்டார்.

வாரநாள்களில் கடைசி வண்டி மேலிருந்து மாலை ஐந்து பத்துக்குப் புறப்படும். ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் மூன்று இருபதுக்கே புறப்பட்டுவிடும்.

அன்று காலை முழுவதும் வண்டியில் மூலிகை மணம். பெண்கள் மடியில் கட்டுகளோடு அமர்ந்திருந்தார்கள். பிற்பகல் மூன்று இருபதுக்கு மேல்நிறுத்தத்தில் பதினான்கு பேர் ஏறி அமர்ந்தார்கள். ஒத்தீலியா அவர்களில் இல்லை. ஜியெரி கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு கணவாய்ப் பாதையைப் பார்த்தார். பாறைத் திருப்பம் வரை ஆள் நடமாட்டம் இல்லை.

முன்னிருக்கையில் இருந்த கிளாவ், ஓய்வுபெற்ற தச்சர், தம் கடிகாரத்தைத் தட்டினார். "என்னய்யா ஜியெரி, வண்டி ரிப்பேரா, நீ ரிப்பேரா?"

"சும்மா இருய்யா."

"மூணு இருவத்தி மூணு ஆச்சு. மாதாவே எறங்கி வந்து ஏறப்போறாங்கன்னு சொல்லு, இன்னும் அரை மணி கூட ஒக்காந்திருக்கோம்!"

வண்டி சிரித்தது. பின்னிருக்கையில் ஒருவர் கீழே ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று முனகினார். மூன்று இருபத்தைந்துக்கு ஜியெரி கதவை அடைத்தார். முதல் வளைவில் மூன்று சுர ஒலிப்பானை வழக்கத்துக்கு மாறாக இரண்டு முறை அழுத்தினார். மனம் மாறிவிட்டாள், வரவில்லை என்றே வீட்டில் சொன்னார். மார்கிரேத்தா ஐவருக்குச் சமைத்திருந்த பார்லி சூப்பை வீட்டிலிருந்த நால்வரே உண்டார்கள்.

மறுநாள் முதல் வண்டி மேலே போய் நின்றதும், புல்வெளியில் பாலடைக்கட்டி செய்யும் பிர்கித்தா ஓட்டுநர் சன்னலுக்கே வந்துவிட்டாள்.

"நேத்து நாலே முக்காலுக்கு ஒரு பொம்பள எறங்கி வந்தா. முகமெல்லாம் உன் ஜாடை. பெஞ்சில ஒக்காந்து வண்டி அட்டவணையவே பாத்துக்கிட்டிருந்தா. வீட்டுக்கு ஃபோன் போடட்டுமான்னேன். 'வேணாம், நான் வர்றது அவருக்குத் தெரியும்'னுட்டா. ராத்திரி எங்க வீட்லதான் படுத்திருந்தா. விடியறதுக்கு முன்ன திரும்பிப் போயிட்டா."

ஜியெரி இயந்திரத்தை நிறுத்தினார். "நான் காத்திருந்தேன். அஞ்சு நிமிஷம்."

"அட, அஞ்சு நிமிஷமா!" என்றாள் பிர்கித்தா. "இருவத்திரெண்டு வருஷத்துக்கு அஞ்சு நிமிஷம். தாராளந்தான் போ."

அன்றே தொலைபேசியில் அழைத்திருக்கலாம். அந்த ஞாயிறே கம்ப்ரெட்டுக்குப் புறப்பட்டிருக்கலாம். அவர் செய்ததோ வேறு. கால அட்டவணையின் அந்தப் பக்கத்தைப் படி எடுத்து, மூன்று இருபதுக்கு எதிரே, ஞாயிறு, திருநாள் வண்டி என்பதைக் காட்டும் சிறு சிலுவைக் குறியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, தம்மீது பிழையில்லை என்று தங்கைக்கு விளங்கும்படி அனுப்பினார். அடுத்த வாரம் வா என்று எழுத அவருக்குத் தோன்றவில்லை. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. "அட்டவணை சரிதான். நான்தான் சரியாப் பாக்கல." தலைப்பில் 'அண்ணே' இல்லை.

அதன்பின் ஒவ்வொரு கோடையிலும், கணவாய்ப் பக்கமிருந்து ஒரு பெண் தனியே இறங்கி வந்தால், ஜியெரியின் கை கதவுப் பொத்தானில் சற்றுத் தயங்கும். அவர் ஓய்வுபெறும் வரை கோடைகள் அப்படியே கழிந்தன.

2014 செப்டம்பரில், தம் அறுபத்தேழாம் வயதில், அவர் பயணியாக மேல்நிறுத்தம் வரை சென்று அங்கிருந்து நடந்தார். மஞ்சள் வழிகாட்டிப் பலகை ஆறு மணி நேரம் என்றது. அவருக்கு எட்டரை ஆயிற்று. கதவைத் திறந்த ஒத்தீலியா கையில் தடி வைத்திருந்தாள். முழங்கால் தேய்ந்து, கணவாயைக் கடக்கும் காலம் அவளுக்கு முடிந்திருந்தது.

"நடந்தா வந்தே?" என்றாள். "பைத்தியமாண்ணே ஒனக்கு?"

காப்பியும் அக்ரூட் பணியாரமும் வைத்தாள்.

"மாதா நாளுன்னு தெரிஞ்சுதான் வர்றேன்னு நெனச்சேன் ஒத்தீலியா. அதான் நேரம் எழுதல."

அவள் தலையை அசைத்தாள். "இங்க அன்னைக்கு ஊரே புல் காயப்போட்டுப் பெரட்டிக்கிட்டிருந்துது. எனக்கு அது வெறும் வியாழக்கெழம. அங்க வந்து பெஞ்சில ஒக்காந்து, அந்தச் சிலுவைக் குறியப் பாத்தப்பதான் ஞாபகம் வந்துது. அம்மா பேர்ல வர்ற திருநாள நானே மறந்துட்டேன். அந்த வெக்கத்துலதான் ஃபோன் போடல. அப்பறம் நீ சிவப்பு மையில அனுப்பினே."

ஜியெரியின் பார்வை சுவரிலிருந்த படத்துக்குப் போயிற்று: மூன்று பிள்ளைகள் பனியில் நின்றிருந்தார்கள். தம் வண்டியில் ஏறிய அயலார் பிள்ளைகளை வயது முதற்கொண்டு அறிந்திருந்தவர் அவர். "எல்லாரும் எங்க இருக்காங்க?" என்று, வழியில் கண்ட ஒருவரிடம் கேட்பதைப் போலக் கேட்டார்.

"பெரியவன் சூரிக்ல. பொண்ணு பக்கத்து ஊர்ல டீச்சர். நடுவுள்ளவன் தொண்ணூத்தஞ்சு டிசம்பர்ல போயிட்டான். மூளைக் காய்ச்சல், நாலே நாள். ஒம்பது வயசு." கோப்பையைச் சற்று நகர்த்தி வைத்தாள். "அதச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். அட்டைல எழுத வரல."

அடுத்த வீட்டில் யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். ஜியெரிக்கு, தம் மருமகனின் பெயரை அந்த முதிய வயதில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"லுரென்ச்" என்றாள் ஒத்தீலியா.

அவர் அதை மெல்லத் திருப்பிச் சொன்னார். கம்ப்ரெட்டில் அந்தப் பெயரை அப்படிச் சொல்வதில்லை என்று அவள் திருத்தினாள்; அவர் மறுபடியும் சொன்னார்.