பிஜி லட்சுமி சமைத்த சேம்பிலை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் மூன்று பேர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான், என் கணவர், பிஜியிலிருந்து வந்த லட்சுமி. மூவருக்கும் தொண்டை அரித்தது. நாக்கு மரத்துப் போயிருந்தது. ஒருவரை ஒருவர் திட்டக்கூட முடியவில்லை — எனக்கு அதுதான் பெரிய வேதனை.

எப்படி வந்தது இந்த நிலைமை? சொல்கிறேன்.

என் கணவர் கஹவத்தைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறார். வேலை முடிந்து வந்தால் ஃபோன்தான் துணை. அதில் பிஜித் தீவுத் தமிழர்களின் குழு ஒன்றைக் கண்டுபிடித்தார். இவருடைய தாத்தாவின் அப்பா இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வந்தபோது, கூடப்பிறந்த தம்பி பிஜிக்குக் கரும்பு வெட்டக் கப்பல் ஏறினார் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் குழுவில் லட்சுமி என்பவர் தன் முன்னோரின் ஊர்ப் பெயரைப் போட்டிருந்தார். அதே ஊர். அவ்வளவுதான்... இவர் உறவுமுறையே போட்டு முடித்துவிட்டார்.

"எனக்குத் தங்கச்சி முறை வருது."

இவருக்குத் தங்கச்சி என்றால் எனக்கு நாத்தனார். இருக்கிற நாத்தனார்கள் போதாதென்று கடல் தாண்டி ஒன்று.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லட்சுமி வந்து இறங்கினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நல்ல உயரம், பூப் போட்ட கவுன், வாய் நிறையச் சிரிப்பு. பிஜியில் ஒரு பெரிய ஹோட்டலில் சமையல்காரர். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'ரசம்', 'வா', 'போ', 'சாமி'. மற்றதெல்லாம் ஆங்கிலம். நான் டீச்சர் என்பதால் மொழிபெயர்ப்பு வேலை என் தலையில் விழுந்தது.

வாசலிலேயே பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் இவரிடம் நீட்டினார். உள்ளே மண் நிறத்தில் ஒரு தூள். கவா என்று பெயர். ஒரு வேரை இடித்து எடுப்பது. அங்கே ஒரு கிராமத்துக்கு விருந்தாளியாகப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் பெரியவரிடம் கொடுக்க வேண்டுமாம். அவர் வாங்கிக்கொண்டால்தான் உள்ளே போகலாமாம்.

இவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயில் விபூதி என்று நினைத்தாரோ என்னவோ.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் இரண்டு நாளாக உழைத்திருந்தேன். ஃபிரைட் ரைஸ், டெவல் சிக்கன், இறால் பொரியல், மரக்கறி சொப்சி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து முஸ்லிம் கடையில் வட்டலப்பம் சொல்லி வைத்து வாங்கினேன். மேசை நிறைந்திருந்தது. லட்சுமி ஒரு கரண்டி சோறும் ஒரு துண்டுக் கோழியும் எடுத்தார். "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றார். அத்தோடு கையைக் கழுவிவிட்டார்.

எனக்கு எப்படியிருக்கும்?

"பிரயாணக் களைப்பு" என்றார் என் கணவர்.

சனிக்கிழமை காலையில் களைப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் லட்சுமி சமையலறையில் நின்றார். எங்களுக்கென்று அவித்து, கதவுக்குப் பின்னால் மூடி வைத்திருந்த மரவள்ளிக்கிழங்குச் சட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளிக்குப் பாண் ரொட்டியும் முட்டையும் ஜேமும். எங்களுக்குக் கிழங்கும் மிளகாய் இடித்த கட்டசம்பலும். அதுதானே வழக்கம்?

"இது யாருக்கு?" என்றார்.

"எங்களுக்கு."

"எனக்கு ஏன் தரவில்லை?"

சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஃபிரைட் ரைஸும் கோழியும் நான் தினமும் ஹோட்டலில் டூரிஸ்டுகளுக்குச் சமைப்பது. தீவுக்கு வருகிறவர்களுக்கு வாரத்தில் ஒரு ராத்திரி மட்டும் எங்கள் சாப்பாட்டைக் காட்டுவோம். அவர்கள் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் என் வீட்டுக்கு ஆள் வந்தால் மரவள்ளி, சேம்பு, ஈரப்பலா... எது அடுப்பில் இருக்கிறதோ அதுதான். நான் இங்கே டூரிஸ்டா?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. இரண்டு நாள் அடுப்படியில் வெந்தவள் நான்.

"எங்கள் ஊரில் விருந்தாளிக்கு மரவள்ளி போட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். பஞ்ச காலத்தில வேற வழியில்லாம தின்னது அது" என்று ஆங்கிலத்தில் படபடத்தேன். கடைசி வரி தமிழில் வந்துவிட்டது. அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, முகம் சின்னதாகிவிட்டது.

கணவர் வந்து என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். "என்னா நீ... எம்புட்டுத் தூரத்திலருந்து வந்திருக்காங்க. அவங்க மனசு கோணாம நடந்துக்க."

"என் மனசு கோணினா பரவாயில்லையாங்க?"

பதில் இல்லை. என்றைக்கு இருந்தது?

சமாதானத்துக்கு இவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை லட்சுமி பிஜிச் சாப்பாடு சமைக்கட்டும். லட்சுமியின் முகம் மலர்ந்தது. என் முகம் இருந்த இடத்தில் இருந்தது.

முதலில் லோவோ என்றார். தரையில் குழி வெட்டி, கல்லைக் காயவைத்து, இறைச்சியையும் கிழங்கையும் இலையில் சுற்றி உள்ளே வைத்து மண்ணால் மூடுவது. இவர் மண்வெட்டியோடு புறப்பட்டுவிட்டார். இரத்தினபுரி மாவட்டத்தில் கொல்லையில் குழி வெட்டினால் என்ன அர்த்தம்? மாணிக்கக்கல் தோண்டுகிறார்கள் என்று அர்த்தம். போலீஸ் வந்தால் கோழி வேகவைக்கிறோம் என்று யார் சொல்வது? நல்லவேளை, மழை கொட்டியது. குழி கிணறானது.

அடுத்து கொகொண்டா. பச்சை மீனைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்து, தேங்காய்ப் பால் ஊற்றிச் சாப்பிடுவது. வேகவைப்பதே இல்லை. பிஜியில் மீன் படகிலிருந்து நேராகச் சட்டிக்கு வரும். கஹவத்தைக்கு லொறியில் வரும் மீன் கடலை மறந்து எத்தனை நாளோ... "முடியாது" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒன்றில் ஜெயித்தேன்.

மூன்றாவது, சேம்பிலை. தேங்காய்ப் பாலில் வெங்காயம் போட்டு வேகவைப்பது. இதில் என்ன ஆபத்து என்று நானும் விட்டுவிட்டேன். லட்சுமி கத்தியை எடுத்துக்கொண்டு போய், பின்பக்கத்துச் சாக்கடைக் கான் ஓரத்தில் குடை குடையாக நின்ற இலைகளை அறுத்தார். வேலிக்கு அப்பால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சந்திரா அக்கா சிங்களத்தில் குரல் கொடுத்தார்.

"ஏவா கன்ன பே நங்கி, கஹனவா."

அதெல்லாம் சாப்பிட முடியாது, அரிக்கும் என்கிறார். லட்சுமிக்குச் சொன்னேன். "நன்றாக வேகவைத்தால் ஒன்றும் செய்யாது. முப்பது வருஷமாக இதைத்தான் சமைக்கிறேன்" என்றார். அவர் சமைத்தது அந்த ஊர்ச் சேம்பு. இது எங்கள் ஊர் கான் ஓரம். கணவரைப் பார்த்தேன். மனசு கோணக்கூடாது என்று கண்ணாலேயே சொன்னார்.

இலை அடுப்பில் வெந்துகொண்டிருக்க, முன்னறையில் பாய் விரித்தோம். கவா தூளைத் துணியில் கட்டி, தண்ணீரில் பிசைந்து பிழிந்தார் லட்சுமி. வயல் தண்ணீர் போல ஒரு நிறம். சிரட்டையில் மொண்டு கொடுத்தார். ஒரு முறை கைதட்டி, ஒரே மூச்சில் குடித்து, மறுபடி கைதட்ட வேண்டும். காலியானதும் 'மாதா' என்று சொல்ல வேண்டும். அந்த மொழியில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். இவர் "மாதா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ருசியா? மண் கலந்த மருந்து. கொஞ்ச நேரத்தில் உதடு எங்கே, நாக்கு எங்கே என்று தெரியவில்லை. போதை இல்லை, ஒரு மந்தம். என் கோபம்கூட மந்தமாகிவிட்டது.

அப்படியே சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம்.

நாக்கு மரத்துப் போனவர்களுக்கு அரிப்பு எப்படித் தெரியும்? இவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். நானும் சாப்பிட்டேன். தட்டு காலியான பிறகு, நாக்குக்கு அந்தப் பக்கம், கவா எட்டாத இடத்தில்... ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்தது.

லட்சுமி தொண்டையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "மன்னித்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சந்திரா அக்கா ஓடிவந்து, அரிப்பை அடக்கக் கொரக்காப்புளியைக் கரைத்துக் கொடுத்தார். மூன்று பேரையும் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நியாயமான சிரிப்பு.

சாயங்காலம் அரிப்பு அடங்கியது. எனக்கு ஃபிரைட் ரைஸைச் சூடாக்கவும் தெம்பில்லை, விருந்து வைக்கவும் வீம்பில்லை. மரவள்ளியை அவித்துச் சட்டியோடு தூக்கி வந்து பாயில் வைத்தேன். தேங்காய்ப் பாலும் உப்பும் மட்டும். லட்சுமி மூன்று முறை போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அவருடைய அம்மா சாகும்வரை ஒன்றையே கேட்டாராம் — அந்தக் கப்பலுக்கு அந்தப் பக்கம் நம்மைத் தெரிந்தவர்கள் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று. "நான் அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். நீங்கள் மேசையில் துணி விரித்து, எனக்குத் தனித் தட்டு வைத்ததும் பயந்துவிட்டேன். யாரும் இல்லை போலிருக்கிறது என்று."

நாலாவது முறை நானே அவர் தட்டில் போட்டேன்.

உண்மையில் நாங்கள் உறவா? ஓர் ஊர்ப் பெயரைத் தவிர இரண்டு பக்கத்திலும் எந்த ஆதாரமும் இல்லை. அதை நான் மெதுவாக இவரிடம் சொன்னேன். இவர் கிழங்கை மென்றுகொண்டே, "நாத்தனா இல்லாட்டி நீ இம்புட்டுச் சண்டை போட்டிருப்பியா?" என்றார்.

இருபத்தைந்து வருஷத்தில் இவர் சொன்ன முதல் பதில்.

திங்கட்கிழமை காலை கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கிருந்து கற்றாரோ, "அண்ணி, வா" என்றார். பிஜிக்கு.

பாஸ்போர்ட் எடுக்கத்தான் போகிறேன். ஆனால் அங்கே போய், போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.