கத்தியில் படிந்த செம்பு

மகள் எழுதிய பதில் தப்பு என்று நான் சொன்னது சரிதானா? இரண்டு மாதமாக யோசிக்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் வீடு சக்குபள்ளத்தில், ஏலத்தோட்டத்துக்குள் இருக்கிறது. மகள் எட்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். வேதிவினைப் பாடம் வந்ததும் தடுமாறினாள். சமன்பாடுகளை ஒப்பிப்பாள், என்ன எதுவாக மாறுகிறது என்று கேட்டால் முகம் வாடிவிடும். நான் பி.காம். படித்தவள். வேதியியலைப் பத்தாம் வகுப்போடு விட்டாயிற்று. அவள் பள்ளிக்குப் போனபின் அவள் புத்தகத்தை எடுத்துப் படிப்பேன். தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்று பயம். சொல்லாமல் விட்டால் பின்தங்கிவிடுவாளோ என்று அதைவிடப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை சற்று விட்டிருந்தது. ஏலக்காய் அழுகாமல் இருக்க வீட்டுக்காரர் போர்டோ கலவை தயாரித்துக்கொண்டிருந்தார். ஒரு டிரம்மில் துரிசு, அதாவது காப்பர் சல்பேட், நீலமாகக் கரைந்திருந்தது. இன்னொன்றில் சுண்ணாம்புப் பால். இரண்டையும் மூன்றாவது டிரம்மில் ஊற்றிக் கலக்கினார். பிறகு, இங்கே எல்லோரும் செய்வதுபோல, கத்தியை முக்கிப் பார்த்தார். வெளியே எடுத்தபோது அது செம்பு நிறமாகியிருந்தது.

"சுண்ணாம்பு பத்தல," என்றார். துரிசு மிஞ்சினால் இலை கருகிவிடும்.

எனக்குப் புத்தகத்தில் இரும்பும் செம்பும் வரும் பக்கம் ஞாபகம் வந்தது. மகளைக் கூப்பிட்டேன்.

"இங்க பாரு, இதுதான் உன் சமன்பாடு. கத்தியில இருக்கிற இரும்பு கொஞ்சம் கரைஞ்சு தண்ணிக்குள்ள போகுது. துரிசுல இருந்த செம்பு வெளிய வந்து கத்தியில ஒட்டுது. இடம்தான் மாறுது, எதுவும் தொலையல."

"அப்ப கத்தி தேயுமாம்மா?"

"தேயாம?" என்றார் அவர். "உங்கம்மாகிட்டப் பேசிப் பேசி நானே தேஞ்சு போயிட்டேன்."

"தேஞ்ச ஆளோட தொப்பையப் பாரு," என்றேன்.

மகள் சிரித்தாள். பிறகு அவளே சுண்ணாம்பு சேர்த்து, கத்தியைத் தேய்த்துத் துடைத்து, மறுபடி மறுபடி முக்கிப் பார்த்தாள். நிறம் மாறாமல் கத்தி வெளியே வந்தபோது கைதட்டினாள். அன்று சாயங்காலம் சமன்பாட்டைப் பார்க்காமல் எழுதி, இரண்டு பக்கத்து அணுக்களையும் எண்ணிச் சரிபார்த்தாள்.

அடுத்த வாரம் வகுப்புத் தேர்வு. காப்பர் சல்பேட் கரைசலில் வைத்த இரும்பு ஆணி செந்நிறமாகிறது, இதிலிருந்து என்ன அறிகிறாய் என்று கேள்வி. இவள், 'சுண்ணாம்பு போதவில்லை என்று அறிகிறேன்' என்று எழுதியிருந்தாள். சைபர். டீச்சரைக் குற்றம் சொல்ல முடியாது. கேள்வியில் சுண்ணாம்பே இல்லை. பக்கத்து பெஞ்சுப் பெண் எட்டிப் பார்த்து, "வெத்தல இருக்காடி?" என்று கேட்டாளாம்.

"அப்பா சொல்றது தப்பாம்மா?"

"அப்பா சொன்னது தோட்டத்துக்கு. பரீட்சைக்கு அது தப்பு. செம்பைவிட இரும்புக்கு வினைபுரியும் திறன் அதிகம்னு புத்தகத்துல இருக்கில்ல, அத எழுது." அதையே பத்துத் தடவை எழுதவும் வைத்தேன்.

மறுதேர்வில் முழு மதிப்பெண் வாங்கினாள். ஆனால் ஓணம் லீவுக்கு முன் மறுபடி மருந்தடிக்கும் நாள் வந்தபோது, "பாப்பா, கத்தி முக்க வா," என்று அப்பா கூப்பிட்டதற்கு, "படிக்கணும்ப்பா," என்றாள். அவள் மடியில் அந்தப் பாடம்தான் விரிந்திருந்தது. கண்ணை மூடி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவர் தனியாகக் கத்தியை முக்கினார்.

ஆணிக்கு நடந்ததும் கத்திக்கு நடந்ததும் ஒன்றுதான். உன் பதில் பாதிதான், மீதியையும் சேர்த்து எழுது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால், "அன்னைக்கு ஏன் தப்புன்னு சொன்ன?" என்று கேட்பாள். கேட்டால்கூடப் பரவாயில்லை. கேட்காமல் தலையாட்டிவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

பிள்ளையை அவசரப்பட்டுத் திருத்திவிட்டுப் பிறகு தவித்தவர்கள் உங்களில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை கலவை கலக்கும்போது நானே கத்தியை அவள் கையில் கொடுத்து, தப்பு என்னுடையது என்று சொல்லட்டுமா? அல்லது அவளாகவே டிரம் பக்கம் வரும்வரை பொறுத்திருக்கட்டுமா?