கனடா என்றொரு உத்தியோகம்

காலை ஏழரை மணிக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். நண்பகலுக்குக் காங்கேசன்துறை வந்துவிட்டது. இடையில் நாலு மணி நேரக் கடல். பக்கத்து இருக்கைக்காரர் மூன்று முறை வாந்தி எடுத்தார். நான் ஒரே ஒரு முறைதான். ஆகவே கொஞ்சம் கர்வத்தோடுதான் கரையில் கால் வைத்தேன்.

ஊர் பார்க்கப் போனவன் அல்ல நான். என் நண்பன் சிவநாதனின் அப்பா இறந்து மறுநாளோடு முப்பத்தொரு நாள். எண்பதுகளின் கடைசியில் சண்டைக்குத் தப்பித் திருச்சிக்கு வந்த சிவநாதன், என்னோடு ஒரே அறையில் நாலு வருடம் இருந்தவன். பிறகு அவன் கனடா போனான். நான் திருவாரூர் அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தியே கிழவனானேன். “அப்பாவின்ரை கல்வெட்டு அடிக்கிறம். நீதான் வந்து பிழை பாக்கோணும்” என்று போனில் கூப்பிட்டிருந்தான். நம் ஊரில் கல்வெட்டைக் கோயில் சுவரில் தேட வேண்டும். யாழ்ப்பாணத்தில் அது முப்பத்தொன்றாம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் சிறு புத்தகம். இறந்தவர் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பட்டியல் எல்லாம் இருக்கும்.

மணி 12.50. துறைமுகத்திலிருந்து நீர்வேலிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆட்டோவுக்கு இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். அவர்கள் ரூபாய்தான், பயப்பட வேண்டாம். சுன்னாகம் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் செம்மண்ணும் வாழையும் தொடங்கின. ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

“ஆறு வரியம். ஆனா நான் பட்டதாரி அண்ணை. கவுண்மேந்து வேலை வருமட்டுந்தான் உது.”

“வீட்டில் என்ன சொல்கிறார்கள்?”

“ஆரும் கேட்டா அம்மா ‘மகன் டிகிரி முடிச்சிட்டான்’ எண்டு மட்டும் சொல்லுவா. ஓட்டோவைக் கதைக்கமாட்டா.” அந்த ஓட்டோதான் வீட்டுக்கு அரிசி போடுகிறது என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஒன்றரை மணிக்கு நீர்வேலி. அப்பாவின் காரியத்துக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த சிவநாதன் வாசலிலேயே நின்றான். வாழைத்தோட்டத்தை ஒட்டிய வீடு. அதைக் கட்டியது சிவநாதனின் தம்பி குலநாதன். அவர் மேசன், நம் பேச்சில் கொத்தனார். படுக்கையில் விழுந்த அப்பாவை ஐந்து வருடம் குளிப்பாட்டி, தூக்கி இருத்தி, ஊட்டிவிட்டவரும் அவர்தான். என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, படம் ஒன்றைக் காட்டப் போனை எடுத்தார். விரலை வைத்தார், திறக்கவில்லை. மறுபடி வைத்தார். “சீமெந்து ரேகை எல்லாத்தையும் திண்டிட்டுது. என்ரை விரலை என்ரை போனே மதிக்குதில்லை” என்று சொல்லி எண்களைத் தட்டித் திறந்தார். எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துவிட்டது.

மாலை ஆறு மணிக்கு அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. எட்டுக்குள் திருப்பிக் கொடுத்தால் காலை பத்துக்கு இருநூறு பிரதி தருவார்களாம். தேவாரத்தில் நாலு பிழை, வரலாற்றில் பதினொன்று. கடைசிப் பக்கம் வந்தேன். அங்கே ஒவ்வொரு பெயரையும் அடுத்து அடைப்புக்குறிக்குள் தொழில் போடுவது வழக்கம். சிவநாதன் (கனடா). பேத்தி அபிராமி (வங்கி உத்தியோகத்தர்). நடுவில் குலநாதனுக்கு அருகே அடைப்புக்குறி மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

“கட்டட ஒப்பந்தகாரர் எண்டு போடுங்கோ அண்ணை” என்றார் குலநாதன். விஷயம் இதுதான். அவர் மகள் அபிராமிக்கு உரும்பிராயில் ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. பையனின் அப்பா ஓய்வுபெற்ற அதிபர், நம் பேச்சில் தலைமை ஆசிரியர். தரகர் அவர்களிடம் பெண்ணின் தகப்பன் ஒப்பந்தகாரர் என்று சொல்லி வைத்திருந்தார். நாளை அவர்கள் சாப்பாட்டுக்கு வருகிறார்கள், கையில் இந்தப் புத்தகமும் போகும்.

நான் யோசிக்கவே இல்லை, பேனாவைத் திறந்தேன். இதில் எனக்குப் பழக்கம் உண்டு. என் அப்பா சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவர். என் கல்யாணப் பத்திரிகையில் அவரை ‘வணிகர்’ ஆக்கியவன் நான்தான். அவர் அதைப் படித்தார், அன்று மாலை கடையைச் சீக்கிரம் சாத்தினார். இன்றைக்கும் அது என்னை அறுக்கிறது.

“மேசன் எண்டு போடுங்கோ மாமா” என்றாள் அபிராமி. கதவருகில் நின்றிருந்தாள்.

“பிள்ளை, அவையள் படிச்ச ஆக்கள். ஒரு சொல்லாலை உன்ரை காரியம் குழம்பக்கூடாது.”

“அந்த வேலையாலைதானே அப்பா நான் படிச்சனான். நாளைக்கு ஒளிச்சா, கலியாணத்துக்குப் பிறகும் ஒளிக்கோணும். நீங்கள் என்னைப் பாக்க வேலை உடுப்போடை வந்தா, பின்பக்கத்தாலை வாங்கோ எண்டு நான் சொல்லுறதே?”

குலநாதன் ரேகை தேய்ந்த விரல்களைப் பார்த்தார். இறுக்கத்தைக் குறைக்கலாம் என்று நான் சிவநாதனைச் சீண்டினேன். “எல்லாருக்கும் ஒரு தொழில் இருக்கு, உனக்கு நாடுதான் இருக்கு. கனடாங்கறது என்ன உத்தியோகம்டா?”

அபிராமிகூடச் சிரித்துவிட்டாள். சிவநாதன் மட்டும் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வருடச் சிநேகத்தில் நானும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “பள்ளிக்கூடம் ஒண்டிலை சுத்திகரிப்பு வேலை. வகுப்பு கூட்டுறது, கக்கூஸ் கழுவுறது. இருபத்திமூண்டு வரியம்.”

“தெரியும் அண்ணை” என்றார் குலநாதன்.

“ஆர் சொன்னது?”

“வந்து போற ஆக்கள் சொல்லாமல் விடுவினமே? அப்பாவுக்கும் தெரியும். ‘அவனாச் சொல்லுமட்டும் ஒருதரும் கேக்கக்கூடாது’ எண்டவர். கடைசிமட்டும் அவரும் கேக்கேல்லை.”

சிவநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். அறுபதை நெருங்கும் ஆள், குழந்தை மாதிரி அழுதான். நான் மெய்ப்பைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். எழுத்து எதுவும் தெரியவில்லை.

பிறகு அவன் என் கையிலிருந்து பேனாவை வாங்கினான். தன் பெயரை அடுத்து ‘சுத்திகரிப்புத் தொழிலாளி, கனடா’ என்று எழுதித் தாளைத் தம்பியிடம் தள்ளினான். குலநாதன் மகளை ஒரு தடவை பார்த்தார். பேனாவைச் சாந்துக் கரண்டி பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்து, ‘மேசன்’ என்று எழுதினார்.

மறுநாள் காலை கீரிமலையில் கிரியை முடிந்து திரும்பியபோது புத்தகக் கட்டு வந்திருந்தது. ஒரு மணிக்குச் சாப்பாடு. உரும்பிராய்க்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள்: அதிபர், அவர் மனைவி, பையன். தரகரும் கூடவே வந்தார். பாயசத்துக்கு முன்பே தரகர் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பாதியிலேயே இலையை மூடினேன். குலநாதன் பந்தியில் பரிமாறிக்கொண்டே அதிபர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதிபர் கண்ணாடி மாட்டி, நிதானமாக வாசித்து, புத்தகத்தோடு எழுந்து கிணற்றடிக்கு வந்தார். அங்கே நானும் சிவநாதனும் கை கழுவிக்கொண்டிருந்தோம்.

“தம்பி, இதிலை கனடா எண்டு போட்டிருக்கிறது நீங்கள்தானே?”

“ஓம் சேர்.”

அவர் குரலைத் தணித்தார். “என்ரை மூத்தவன் லண்டனிலை ஒன்பது வரியம். என்ன வேலை எண்டு கேட்டா ‘நல்ல வேலை அப்பா’ எண்டு மட்டும் சொல்லுவான். அவனை வற்புறுத்திக் கேக்க எனக்கு மனமில்லை. உங்களிட்டைக் கேக்கிறன். உந்த வேலையள் வெளியிலையோ, உள்ளுக்கையோ? குளிருக்கை நிக்கோணுமோ?”

“உள்ளுக்கைதான் சேர். எல்லா இடமும் சூடு போட்டிருப்பினம். எங்களுக்கு வேர்க்கும்.”

“நேரத்துக்குச் சாப்பிட விடுவினமோ?”

“விடுவினம் சேர்.”

“அப்ப சரி” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நேரே குலநாதனிடம் போய், “தரகர் இனித் தேவையில்லை. நீங்களும் நானும் நேரை கதைச்சு ஒரு நல்ல நாள் வைப்பம்” என்றார். குலநாதன் கையில் பாயச வாளியோடு அப்படியே நின்றார். அபிராமிதான் வந்து அதை வாங்கினாள்.

அடுத்த நாள் சிவநாதன் துறைமுகம்வரை வழியனுப்ப வந்தான். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில் மாமன் மச்சான் பெயருக்கெல்லாம் பட்டங்களை வரிசையாக அடுக்குவதைச் சொன்னேன். இங்கே நாட்டைப் போட்டு மறைக்கிறார்கள், அங்கே பட்டத்தைப் போட்டு. முப்பது வருடம் அவற்றில் ஒற்றுப் பிழை மட்டும் பார்த்தவன் நான். கப்பலுக்குக் கூப்பிட்டார்கள். நேற்றிலிருந்து மனதில் இருந்ததைக் கேட்டேன்.

“நெஜமாவே வேர்க்குமாடா?”

“உள்ளுக்கை வேர்க்கும். பனி கொட்டினா விடியப்பறம் வாசல் முழுக்க வழிக்கிறதும் நான்தான். மைனஸ் இருபதிலை விரல் இருக்கோ எண்டு தொட்டுத்தான் பாக்கோணும்.”

“பின்னே ஏன் அவர்கிட்ட அப்படிச் சொன்னே?”

“அந்த மனிசன்ரை முகத்தைப் பாத்தனியே? ஒரு தகப்பனுக்கு அதை எப்பிடியடா சொல்லுறது?”