பூட்டி குளிப்பாட்டிய கடைசிப் பிள்ளை

எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதைக் குளிப்பாட்டுகிற வேலை பூட்டியுடையது. பூட்டி என்றால் என் அம்மம்மாவின் அம்மா. அவருடைய பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள், பிறகு நாங்கள் என்று எல்லோரும் அவருடைய நீட்டிய கால்களின் மேல் கிடந்து வீரிட்டு அழுதவர்கள்தான்.

பூட்டி கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரி. கணவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். கடைசிப் பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தபோது காய்ச்சலில் படுத்தவர் எழும்பவேயில்லை. அதன் பிறகு பூட்டி விடியற்காலையில் இடியப்பம் அவித்துத் துறைமுகப் பக்கத்துத் தேநீர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டிக் கழுவினார். இப்படித்தான் நான்கு பிள்ளைகளையும் ஆளாக்கினார். அவர் சும்மா உட்கார்ந்து நான் கண்டதில்லை. ரேடியோவில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாலும் மடியில் அரிசிச் சுளகு இருக்கும்.

பிள்ளைகள் கலியாணம் முடித்து தெஹிவளை, ஜிந்துப்பிட்டி, வத்தளை என்று பிரிந்து போனபோது பூட்டியின் பிரயாணங்கள் தொடங்கின. யாருக்காவது பிரசவ நோக்காடு வந்துவிட்டது என்று செய்தி கிடைத்தால் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறிவிடுவார். பழைய மெல்லிய வொயில் சேலைத் துண்டுகள், ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய், கொஞ்சம் வசம்பு, பிள்ளை பெற்றவளின் கறிக்குச் சரக்குத் தூள் இவ்வளவும் அந்தப் பைக்குள் இருக்கும். தாய்க்காரி எழும்பி நடமாடும் வரைக்கும் அந்த வீட்டில்தான் கிடப்பார். பிறகு கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து இடியப்பத்தைத் தொடங்குவார்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு மூத்த மகன் கனடாவுக்குப் போனார். அவருக்குப் பின்னால் அம்மம்மா உட்பட ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். போன இடங்களில் குழந்தைகள் பிறந்தன. முதலில் படங்கள் தபாலில் வந்தன. பிறகு தொலைபேசியிலேயே குழந்தைகளைக் காட்டினார்கள். இங்கே மிச்சமிருந்த என் அம்மாவுக்கு நானும் தம்பியும் பிறந்தோம். எங்கள் தலைமுறையில் பூட்டியின் காலில் கிடந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான்.

தம்பியும் லண்டனுக்குப் போனான். அவனுக்கு மகன் பிறக்கப்போகிறான் என்று தெரிந்ததும் அம்மாவுக்கும் பூட்டிக்கும் விசாவுக்குப் போட்டோம். அம்மாவுக்குக் கிடைத்தது. பூட்டிக்குக் கிடைக்கவில்லை. அம்மா போகமாட்டேன் என்று அழுதார். பூட்டிதான் பிடிவாதமாக அனுப்பிவைத்தார். தன் துணிப்பையையும் அம்மாவின் சூட்கேசுக்குள் வைத்துவிட்டார்.

அப்பா முன்பே இறந்திருந்தார்; அம்மா லண்டனிலேயே தங்கிவிட்டார். அதோடு, பூட்டி எங்களோடு வந்திருந்த வெள்ளவத்தைத் தொடர்மாடியில் நாங்கள் இரண்டு பேரும்தான். அப்போது பூட்டி தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை. கலியாணம் செய்யவில்லை. அதற்கென்று பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பேசி வந்த மாப்பிள்ளைகள் பொருந்தவில்லை, பிறகு பேசுவதற்கு ஆட்கள் இங்கே இருக்கவில்லை. காலையில் நான் ரயிலேறினால் மாலை வரைக்கும் பூட்டி ஐந்தாம் மாடியில் தனியே இருப்பார். வீட்டில் இருந்த இரண்டு பேருக்குச் சமைத்து முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? கழுவின பாத்திரங்களையே திரும்பவும் எடுத்துக் கழுவுவார்.

கொரோனாக் காலத்தில் மூத்த மகன் கனடாவில் இறந்துபோனார். அடக்கத்தைத் தொலைபேசியில்தான் பார்த்தோம். மூடிய பெட்டி, தள்ளித் தள்ளி நின்ற சில பேர். பூட்டி அழவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவனை ஆர் குளிப்பாட்டினது?"

லைன் சரியில்லை என்று நான் பூட்டியிடம் சொன்னேன். அதன் பிறகு அவர் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை.

அடுத்த வீட்டுக்கு ஒரு சின்னப் பெண் வாடகைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். கணவன் டோஹாவில் வேலை செய்தான். தாய் இல்லை. மாமியார் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், பிரசவத்துக்கு வந்து ஒரு கிழமை நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மாமியார் போன மறுநாள் காலை குழந்தையின் அழுகை சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. நிற்காமல் கேட்டது. நான் அலுவலகத்துக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். பூட்டி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

அந்தப் பெண் கதவைத் திறந்தபோது அவளும் அழுதுகொண்டுதான் நின்றாள். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஆறிப்போய்க் கிடந்தது.

"பயமா இருக்குங்க பாட்டி. தண்ணிக்குள்ள நழுவிருவானோன்னு," என்றாள்.

"என்னட்டத் தா மகள்," என்று பூட்டி கையை நீட்டினார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததில் நியாயம் இருந்தது. நீட்டிய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் பூட்டியின் காதருகே குனிந்து, உங்களுக்குக் கை நடுங்குது, வேண்டாம் என்றேன்.

"கை நடுங்கட்டும். பிள்ளை காலிலதானே கிடக்கப்போகுது. நீ போய்த் தண்ணியைச் சுட வை."

நான் தண்ணீரைச் சுட வைத்தேன். பூட்டி குளியலறையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து கால்களை நீட்டினார். முழங்காலை மடக்கி நிமிர்த்த அவருக்கு நேரம் எடுத்தது. அந்தப் பெண் குழந்தையைக் கொண்டுவந்து கால்களின் மேல் கிடத்தினாள். நான் தண்ணீரை அளந்து ஊற்ற, பூட்டி எண்ணெய் தேய்த்து, கழுத்து மடிப்பையும் அக்குளையும் வழித்து, குழந்தையைத் திருப்பிப்போட்டு முதுகைத் தடவினார். அழுதுகொண்டிருந்தது சட்டென்று நிறுத்திவிட்டு ஏப்பம் விட்டது. துடைத்துத் தாயின் கையில் கொடுத்தபோது தூங்கிவிட்டிருந்தது. அன்றைக்கு நான் அலுவலகத்துக்குப் பிந்திப் போனேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவிர்ந்த எல்லா நாளும் இதுதான் எங்கள் காலை. ஞாயிறு பூசை முடிந்து வந்த பிறகுதான் குளிப்பாட்டு. பூட்டி சரக்குக் கறி வைத்து அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினார். காரம் கூட என்று அவள் சொன்னால், பால் சுரக்க வேண்டாமா என்று அதட்டினார். பகலில் அவளைத் தூங்கச் சொல்லிவிட்டுக் குழந்தையை எங்கள் வீட்டுக்குத் தூக்கிவரச் செய்து பக்கத்தில் கிடத்திக்கொள்வார். நான் மாலையில் வரும்போது வீட்டில் பால் வாசமும் பவுடர் வாசமும் இருக்கும். அன்றைக்கு நடந்ததையெல்லாம் எனக்குச் சொல்வதற்கு அவரிடம் கதை இருந்தது. குப்புறப் பிரண்டான், ஃபேனைப் பார்த்துச் சிரித்தான், பூட்டியின் மோதிரத்தை வாயில் வைத்தான். எங்கள் வீட்டில் பல வருடங்களாக இவ்வளவு செய்தி இருந்ததில்லை.

ஒருநாள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், குழந்தையின் தொடையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூத்தவனுக்கும் இப்பிடித்தான். தொடையில மடிப்பு மடிப்பா. அழுக்கெல்லாம் அதுக்குள்ளதான் போய் நிக்கும்."

எனக்கு அவருடைய மூத்த மகனை வழுக்கைத் தலையோடும் காதில் வைத்த மெஷினோடும்தான் தெரியும். பூட்டி ஈர விரலால் அந்த மடிப்பைத் திரும்பத் திரும்ப வழித்துக்கொண்டேயிருந்தார். போதும் பூட்டி, பிள்ளைக்குக் குளிரும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

குழந்தை பிடித்து நிற்கத் தொடங்கிய சமயத்தில் டோஹாவிலிருந்த கணவனுக்குக் குடும்ப விசா கிடைத்தது. அந்தப் பெண் சந்தோஷமாக வந்து சொன்னாள். பூட்டியும் சந்தோஷமாகத்தான் கேட்டார். பெண்சாதி பிள்ளை புருஷனோடு இருக்கிறதுதான் முறை என்றார். அங்கே சூடு கூட, பிள்ளைக்கு அடிக்கடி தண்ணி கொடு என்றார். போகிற அன்று அவள் பூட்டியின் காலில் விழுந்து கும்பிட்டாள். பூட்டி குழந்தையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார். அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். அவள் பிள்ளையின் நெற்றியைத் துடைக்கவில்லை. லிஃப்ட் மூடியதும் நாங்கள் உள்ளே வந்துவிட்டோம்.

மறுநாள் காலை நான் குளித்து உடுத்தி முடித்தும் பூட்டி எழும்பவில்லை. என் வயதுக்கு அவர் எனக்குப் பிறகு எழும்பி நான் பார்த்ததேயில்லை. அறைக்குள் போய் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"சாகேல்லை," என்றார். பிறகு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இண்டைக்கு வேலை ஒண்டும் இல்லைத்தானே," என்றார்.

நான் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு அன்று வீட்டிலேயே நின்றேன். பகல் சமையலை நான் செய்தேன். உப்புக் காணாது என்று கூட அவர் சொல்லவில்லை. மாலையில் கடற்கரைப் பக்கம் போவோமா என்று கேட்டேன். என்னத்துக்கு என்றார். இரண்டு பேரும் ஜன்னலருகே இருந்து ரயில்கள் போவதைப் பார்த்தோம்.

அந்தப் பெண் முதலில் அடிக்கடி படம் அனுப்பினாள், குழந்தை நடக்கிற வீடியோவும் அனுப்பினாள். பூட்டி பார்த்துச் சிரிப்பார். ஆனால் திரும்பப் போட்டுக் காட்டு என்று கேட்கமாட்டார். சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, வயசுதான் என்றார் டொக்டர். மழைக்காலத்தில் ஒரு பின்னேரம், நான் தேநீர் ஊற்றிக்கொண்டு போனபோது, கதிரையில் இருந்தபடியே போயிருந்தார்.

பொரளையில் பிரேதங்களைப் பொறுப்பெடுக்கிற ஒரு மலர்ச்சாலைக்குக் கொண்டுபோனோம். கொண்டுபோனோம் என்பது நானும் அலுவலகத்து நண்பர்கள் சிலரும். உடலைக் கழுவியபோது அங்கே வேலை செய்த பெண்ணோடு நானும் உள்ளே நின்றேன். பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதவேண்டியிருந்தது. பிள்ளைகள், மருமக்கள், பேரர், பூட்டப்பிள்ளைகள் என்று ஒரு பத்தி முழுக்கப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் கனடா, லண்டன், பாரிஸ், மெல்பேர்ன் என்று அடைப்புக்குறிக்குள் ஊர். என் பெயருக்குப் பக்கத்தில் இலங்கை என்று எழுதிவிட்டுத் தேடிப் பார்த்தேன். அந்தப் பத்தியில் வேறு எங்கும் அந்தச் சொல் இல்லை. அடக்கத்தை எல்லோரும் தொலைபேசியில் பார்க்கத் தம்பி லண்டனிலிருந்து ஒழுங்கு செய்தான். நான் ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக நின்றேன். மண் போடும்போது போனை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் குழி வெட்டிய சிங்கள ஐயாவிடம் கொடுத்தேன். அவர் கையை அசைக்காமல் நன்றாகவே பிடித்திருந்தார்.

அம்மா லண்டனுக்கு வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தில் சிங்களமும் இங்கிலிஷும்தான் ஓடும். வீட்டுக்கு வந்தால் வாய் திறக்க வேண்டிய தேவையில்லை. அதனால் ரயிலால் இறங்கி வருகிற வழியில் தமிழர் ஒருவரின் மரக்கறிக் கடையில் கொஞ்ச நேரம் நிற்கப் பழகியிருக்கிறேன். முருங்கைக்காய் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பேன். யாழ்ப்பாணம் என்பார் கடைக்காரர், இண்டைக்குக் காலமை வந்தது, நல்ல சதை என்பார். ஒரு ஆளுக்குச் சமைக்க எவ்வளவு காணும் என்று கேட்பேன். அவர் கை வேலையை நிறுத்தி, யோசித்து, ஒன்றைத் தெரிந்தெடுத்து, முறித்துப் பையில் போட்டுத் தருவார்.