மரகதவல்லி மிதித்த துலா

இணுவிலுக்கு வந்த முதல் வாரத்தில் மாலை ஐந்து மணிதான் என்னைக் குழப்பியது. ஒழுங்கை என்று இங்கே சொல்லும் எங்கள் சந்தில் உள்ள பெண்கள் எல்லாரும் அந்த நேரத்தில் குடமும் வாளியுமாகக் கிணற்றடிக்கு ஓடுவார்கள். ஐந்தரைக்குள் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் வேண்டிய தண்ணீர் எல்லா வீட்டிலும் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு கிணற்றுப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்க முடியாது. நான் ஆசுபத்திரியில் மருந்து கலக்கும் வேலையை முடித்து, கையில் கார்பாலிக் வாசனையோடு ஆறு மணிக்குத் திரும்பி முகம் கழுவப் போனால், நான் குடியிருக்கும் வீட்டுக்காரியான பாக்கியம் அக்கா அடுக்களை வாசலிலிருந்து, "பிள்ளை, உள்ளுக்கை வாளியிலை தண்ணி கிடக்கு. அதிலை கழுவும்" என்பார். ஏன் என்று கேட்டால், "பாசி வழுக்கும்" என்பார். கிணற்றடியோ சீமெந்து பூசித் தேய்த்து வைத்தது. ஒரு எறும்பு கூட அதில் வழுக்கி விழாது.

எதையும் பட்டியலாக எழுதினால்தான் எனக்கு மனம் அடங்கும். தனுஷ்கோடியில் கப்பல் ஏறும்போதே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியிருந்தேன். இடப்பக்கம் திருச்சி, வலப்பக்கம் யாழ்ப்பாணம். அங்கே பேசுவார்கள், இங்கே கதைப்பார்கள். அங்கே பிறகு, நிறைய, போதும், பைத்தியம்; இங்கே பேந்து, கனக்க, காணும், விசர். அங்கே காலையில் இட்லி, இங்கே பிட்டு. அங்கே விருந்தாளியிடம் ஊர் எது என்று கேட்பார்கள். இங்கே இந்தியா என்று சொன்னதும், இந்தியாவில் இருக்கும் யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் சுகமாக இருக்கிறாரா என்று கேட்பார்கள். இப்படி எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் நிரம்பிக்கொண்டு வந்தன. "மாலை ஐந்து மணி" என்ற வரிக்கு மட்டும் மூன்று வாரமாக எதிர்ப்பக்கத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் காரணத்தைச் சொன்னவள் சரசு. பாக்கியம் அக்காவின் கணவருடைய தங்கை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள்.

"மரகதவல்லி வருவாள், அக்கா" என்றாள், மிகச் சாதாரணமாக.

"எந்த மரகதவல்லி?"

"உங்கடை ஊர்ப் புத்தகந்தானே. தெரியாதமாதிரிக் கேக்கிறியள்."

தெரியாமல் என்ன? "மரகதவல்லி அல்லது மாண்டவள் மீண்டது" என்ற அந்த நாவலைத் திருச்சியில் கம்பவுண்டர் பயிற்சி விடுதியில் நாங்கள் ஆறு பேர் ஒரே இருப்பில் படித்தோம். மருந்துச் சரக்குகளின் குணங்களைச் சொல்லும் பாடநூலின் அட்டையைக் கழற்றி அதற்குப் போட்டிருந்தோம். மாடி வீட்டு நிலைக்கண்ணாடிக்குள் இறந்துபோன மரகதவல்லி நின்றுகொண்டு, தலைசீவ வரும் பெண்ணைப் பார்த்துத் தானும் தலைசீவுவாள். அதைப் படித்த பிறகு விடுதிக் கண்ணாடியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, ஒருவர் தலையை ஒருவர் சீவிவிட்டோம். ஒரு மாதம் எல்லாருக்கும் வகிடு கோணல். எங்களைப் பரிசோதிக்க வந்த டாக்டரம்மாள், இது என்ன புது நாகரிகம் என்று கேட்டார்.

ஆனால் அந்த நாவலில் கிணறு கிடையாது. இரண்டு முறை படித்தவள் நான், உறுதியாகச் சொல்வேன். ஒரே புத்தகம் திருச்சியில் பெண்களைத் தலைசீவ விடவில்லை, இணுவிலில் தண்ணீர் அள்ள விடவில்லை என்றால், நடுவில் கடலில் ஏதோ நடந்திருக்கவேண்டும்.

நடந்தது கடலில் இல்லை, பாக்கியம் அக்கா வீட்டு வெங்காயக் கொட்டிலில் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. சுன்னாகம் சந்தைக்குப் போகவேண்டிய வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்ட ஒழுங்கைப் பெண்கள் மத்தியானத்தில் அங்கே கூடுவார்கள். சரசு ஒரு பலகையில் உட்கார்ந்து நாவலை உரக்க வாசிப்பாள். ஒரு வாக்கியம் வாசித்து நிறுத்துவாள். உடனே பாக்கியம் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு அதற்கு விளக்கம் சொல்வார். பிறகு அடுத்த வாக்கியம். நம் ஊரிலும் புராணம் வாசிப்பார்கள். ஆனால் இங்கே கோயிலில் அது ஒரு முறையோடு நடக்கிறது. ஒருவர் பாட்டை வாசிக்க, பக்கத்தில் இருப்பவர் அதற்கு விளக்கமாகப் "பயன்" சொல்கிறார். பயன் கேட்காமல் எழுந்து போனவர் புராணம் கேட்டவர் ஆகமாட்டார். பாக்கியம் அக்காவின் தகப்பனார் அந்தக் காலத்தில் பேர்போன பயன்காரர். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே மகள் அந்த வித்தை முழுவதையும் பிடித்துக்கொண்டார். கோயிலில் பயன் சொல்லப் பெண்ணுக்கு இடமில்லை. அவருக்கு எழுத்தும் தெரியாது. ஆகவே இந்த உலகத்தில் அவர் பயன் சொல்லக் கிடைத்த ஒரே நூல் ஒரு பேய்க்கதை.

அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். நிலைக்கண்ணாடி என்றால் என்ன என்று முதல் தடவை யாரோ கேட்டிருக்கிறார்கள். எங்கள் கிணற்றில் குனிந்து பார்த்தால் முகம் தெரியுமே, அப்படி, என்று இவர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே மரகதவல்லி மாடியை விட்டுக் கிணற்றுக்குக் குடிவந்துவிட்டாள். கிணறு என்றால் துலா வேண்டும். நம் ஊர் ஏற்றம் போன்ற நீண்ட மரம் அது. அதன்மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, ஓலையில் முடைந்த பட்டை தண்ணீரோடு மேலே வரும். பாக்கியம் அக்காவின் பயனில் பொழுதுபடும் நேரத்தில் துலா தானாக ஏறி இறங்கும். மரத்தின்மேல் ஈரக் காலடி மட்டும் ஒவ்வொன்றாகத் தெரியும். பட்டையைச் சரித்தால் வாய்க்காலில் தண்ணீருக்குப் பதில் கூந்தல் ஓடும், வெங்காயப் பாத்தியெல்லாம் நிறையும் வரை. அந்த இடத்தில் கொட்டிலில் எல்லார் கண்ணிலும் நீர் நின்றது. அது கதையாலா வெங்காயத்தாலா என்று கேட்டு நான் யாரையும் சங்கடப்படுத்தவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு நானும் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

இந்த நிலையில்தான் மரகதவல்லி பேசும்படமாகி வருகிறாள் என்ற செய்தி வந்தது. மேளம் கட்டிய மாட்டுவண்டி ஒன்று ஒழுங்கைக்குள் வந்து பச்சை நோட்டீசுகளை வீசிவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு என் மருந்து ஜன்னலில் வேலை இரட்டிப்பானது. இருமல் மருந்துக்குப் போத்தல் கொண்டுவருகிறவர்கள், எத்தனை வேளை குடிப்பது என்று கேட்பதற்கு முன், மரகதவல்லியாக நடிப்பது யார் என்று கேட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்தவளுக்குப் படம் எடுத்தவர்களைத் தெரியாமல் இருக்காது என்பது அவர்கள் முடிவு. தெரியாது என்றேன். அடக்கமான பிள்ளை, தெரிந்தும் சொல்கிறாளில்லை என்று எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் எல்லாருடைய கேள்வியும் கடைசியில் ஒன்றுதான்: துலா மிதிக்கும் கட்டத்தை எப்படி எடுத்திருப்பார்கள்? கம்பி கட்டி இழுப்பார்கள் என்றாள் சரசு. உண்மையான பேயைப் பிடித்திருக்கலாம் என்றார் ஒருவர்.

படத்துக்கு இரண்டு வாரம் முன்னால் பாட்டுப் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம். அதில் மாடி இருந்தது, கண்ணாடி இருந்தது, துலா இல்லை. பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் மாமி சரசுவை அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மாமிக்கு வெற்றிலைக்கு அடுத்தபடி பிடித்தது பாக்கியம் அக்காவைச் சீண்டுவது.

"என்ன பாக்கியம், உன்ரை துலாவை ஆரும் களவெடுத்துப் போட்டினமோ?"

"சுருக்கத்திலை எல்லாம் வருமே மாமி? மிச்சம் படத்திலை வரும்."

"வரட்டும், வரட்டும். வராட்டி நீ சொன்ன பயன் எல்லாம் புளுகு. பேந்து இந்தக் கொட்டிலிலை நீ வாய் துறக்கப்படாது. சரசு வாசிச்சால் காணும்."

எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியம் அக்காவும் சிரித்தார். ஆனால் அன்று மாலை என் அறை வாசலில் வந்து நின்றுகொண்டு சேலைத் தலைப்பைச் சுருட்டினார்.

"பிள்ளை, நீர் புத்தகம் முழுக்கப் படிச்சனீர்தானே. துலா அதிலை இருக்கோ?"

அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சரசு வாசித்தது எங்கே முடிந்தது, தாம் சொன்னது எங்கே தொடங்கியது என்பது நாளடைவில் அவருக்கே அழிந்துபோயிருந்தது. நான் ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் பிழை என்று கற்றுக்கொண்டவள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து இரண்டு பக்கமாகப் பிரித்துச் சொன்னேன். கண்ணாடி, புத்தகம். கிணறு, நீங்கள். சீப்பு, புத்தகம். துலாவும் காலடியும் கூந்தலும், நீங்கள். வக்கீல் புருஷன், புத்தகம். அவனுக்கு மாமியார் கொடுக்கும் சாபம், நீங்கள்.

கவனமாகக் கேட்டார். "அப்ப கனக்க என்ரைதான்" என்றார். குரலில் பெருமையா துக்கமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "நல்லதுக்குச் சொன்னீர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறு ஞாயிறு அவர் பயன் சொன்னவிதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சரசு, "மாடியறையில் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று பளபளத்தது" என்று வாசித்தாள். பாக்கியம் அக்கா, "மாடியிலை ஒரு கண்ணாடி கிடந்தது" என்றார். அவ்வளவுதான். இரண்டு பக்கத்துக்குள் பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் வெங்காயத்தின்மேல் சாய்ந்து தூங்கியே போனார். "உடம்புக்குச் சுகமில்லையோ பாக்கியம்?" என்று மாமி கேட்டார், சீண்டாத குரலில். மருந்து அறையில் சரியாக நிறுத்துக் கொடுத்தால் நோய் போகும். இங்கே நான் சரியாக நிறுத்துக் கொடுத்ததில் கதை செத்துப்போயிற்று.

படம் வந்த வாரம், ஒழுங்கைப் பெண்கள் பன்னிரண்டு பேரும் நானும் சுன்னாகத்தில் ரயில் ஏறி, யாழ்ப்பாணப் பட்டணத்துத் தகரக் கொட்டகையில் மத்தியானக் காட்சிக்குப் போனோம். பாக்கியம் அக்கா வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு, கும்பாபிஷேகத்துக்கு உடுத்தும் சேலையை உடுத்திக்கொண்டு வந்து நின்றார். படத்தில் பாட்டு நிறைய இருந்தது. மரகதவல்லி சாவதற்கு முன் மூன்று பாட்டும் செத்த பிறகு ஐந்தும் பாடினாள். கண்ணாடிக் கட்டம் வந்தபோது என் கை தானாக வகிட்டைத் தொட்டுப் பார்த்தது. என் இருபுறமும் பெண்கள் மிகுந்த பொறுமையோடு, கண்ணாடி முடிந்து கிணறு வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். வணக்கம் என்று எழுத்து வந்த பிறகும் எழும்பவில்லை. துலாக் கட்டத்தை இன்னும் காட்டவில்லையே என்று சரசு கொட்டகைக்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

திரும்பும் ரயில் கோண்டாவிலை நெருங்கியது. பாக்கியம் அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி வெற்றிலையை மடித்து, மடித்ததை விரித்து, மறுபடி மடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீர் மருந்து நிறுக்கிறனீர். கூட்டாமல் குறைக்காமல் சொல்லும். புத்தகத்திலை துலா இருக்கோ, இல்லையோ?"

பாக்கியம் அக்காவைத் தவிர எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாழ்நாளில் பொய் எழுதிய சீட்டு ஒன்றும் போத்தலில் ஒட்டியதில்லை. அன்றைக்கு ஒட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பாக்கியம் அக்கா ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

"அந்தப் பிள்ளையைக் கேளாதேங்கோ மாமி. இல்லை. துலாவை நான்தான் மிதிக்க விட்டனான். கிணறும் என்ரைதான்."

மாமி வெற்றிலையை வாயில் போட்டு, நன்றாக மென்று, ஒரு முடிவுக்கு வந்தார்.

"அப்ப அந்த விசரன் பயன் கேளாமலெல்லே படம் எடுத்துப் போட்டான்" என்றார். "கண்ணாடியைக் காட்டுறான். கண்ணாடிக்கு ஆர் பயப்பிடுறது? பொட்டு வைக்கிற சாமான்."

"ஓம் மாமி, பயன் கேட்டிருந்தால் உப்பிடி எடுத்திருக்கமாட்டான்" என்றாள் சரசு. பெட்டி முழுவதும் ஒரே பேச்சாகிவிட்டது. கூந்தல் ஓடும் வாய்க்காலை எப்படிக் காட்டியிருக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை. சுன்னாகத்தில் இறங்கும்போது மாமி என் கையைப் பிடித்து, உங்கள் ஊர் ஆட்களுக்கு ஒரு கடிதம் போட்டு, அடுத்தமுறை எடுக்கும்போது இங்கே வந்து கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். பிறகு வெற்றிலைப் பெட்டியைப் பாக்கியம் அக்கா பக்கம் தள்ளினார். அந்தக் கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று தெரியாமல், இதை வாசிக்கும் உங்களுக்கு எழுதிவிட்டேன்.

புராணத்தைப் போலவே நாவலையும் முடிந்த கையோடு முதலிலிருந்து தொடங்குவதுதான் இங்கே முறை. சென்ற ஞாயிறு சரசுவுக்குக் குரல் கம்மியிருந்தது. பலகையை என் பக்கம் நகர்த்தினார்கள். என் ஊரின் தமிழில், என் ஊர்க்காரர் எழுதிய வரியை, "மாடியறையில் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று பளபளத்தது" என்று வாசித்து நிறுத்தினேன். விரலுக்கடியில் கண்ணாடி இருந்தது. சுற்றிலும் எல்லாரும் கிணற்றுத் தண்ணீருக்காகக் காத்திருந்தார்கள். வெங்காயம் கட்டும் கைகள் நின்றுவிட்டன. பாக்கியம் அக்கா தொண்டையைச் செருமினார். நான் அடுத்த வரியைப் பார்க்கவில்லை; அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.