வெறுஞ்சட்டி ராமுத்தாய்

ராமுத்தாயை எவனாவது 'வெறுஞ்சட்டி' என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெயர் வந்த கதை தெரியாமல் எவனும் வாயைத் திறக்கக் கூடாது.

மூணாறு பக்கம் ஓர் எஸ்டேட்டில் அவள் கொழுந்து கிள்ளினாள். நான் ஃபேக்டரியில் இலை வாட்டினேன். கூலிக்காரர் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்தடுத்த வீடு. அவள் புருஷன் மண்சரிவில் போனான். மூத்த பிள்ளை சத்தில்லாமல் கால் வீங்கிச் செத்தது. எழுபத்தாறில் இளையவள் பேச்சிக்கும் கால் வீங்கத் தொடங்கியது.

அந்த வருஷம்தான் சர்க்கார் பணம் ஒதுக்கி, இரண்டு கல்லூரிகளிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் ஆட்களும் சேர்ந்து, எஸ்டேட் பிள்ளைகள் ஏன் நோஞ்சானாகவே இருக்கின்றன என்று ஆராய வந்தார்கள். வீடுவீடாகச் சாப்பாட்டைத் தராசில் நிறுத்துப் பார்ப்பார்களாம். போதாது என்று தெரிந்தால் பால் மையம் திறக்கச் சொல்லி எழுதுவார்களாம்.

எங்கள் சனத்துக்கு வீடு தேடி வருகிறவர் எல்லாம் விருந்தாளிதான். லயம் முழுக்கக் கோழி அடித்தார்கள். என் பெண்டாட்டி மூக்கம்மாள், இருந்த ஒரே முட்டைக்கோழியையும் அறுத்துவிட்டாள். ராமுத்தாய் மட்டும் தினமும் குடிக்கிற கஞ்சித்தண்ணியையும் பாலில்லாத கட்டஞ்சாயாவையும் எடுத்து வைத்தாள்.

"அடி பாவி, லயத்து மானத்த வாங்கிட்டியேடி! வந்தவுக முன்னால வெறுஞ்சட்டியவா வைப்ப?" என்று மூக்கம்மாள் கத்தினாள்.

"எம்புள்ள உசுரு போகுது யக்கா. மானத்த வச்சு நான் என்ன பண்ண?"

நிறுத்து முடித்த டாக்டரம்மா ராமுத்தாயைத்தான் கடிந்தார். "எல்லார் வீட்டுலயும் நல்லாத்தானே சாப்பிடுறாங்க. நீ மட்டும் ஏன் பிள்ளையப் பட்டினி போடுற?"

ராமுத்தாய் எங்களை ஒரு பார்வை பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. பேச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

மூக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அந்தக் கோழி உங்களுக்காக அடிச்சது. நாங்களும் இந்தக் கஞ்சித்தண்ணியத்தாம்மா குடிக்கோம். சொல்லாம ஒரு நாளைக்கு வந்து பாருங்க" என்று அழுதாள்.

சொல்லாமல் வந்தார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள். பால் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பேச்சி போய்விட்டாள்.

மையம் திறந்த அன்று பிள்ளைகள் டம்ளரோடு வரிசையில் நின்றன. ராமுத்தாயும் வந்திருந்தாள், கையில் ஒன்றும் இல்லாமல். என் மகன் அவசரத்தில் பாலைத் தளும்ப விட்டான். அவள் ஓடிவந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

"சிந்தாமக் குடி, ராசா" என்றாள்.

அந்தப் பயல்தான் நேற்று அவளை வெறுஞ்சட்டி என்றான்.