பூ கொடுத்த எக்ஸ்பிரஸ்

எண்பதுகளில் அரியலூரில் எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. எக்ஸ்பிரஸ் பறந்தால் தரை அதிர்ந்து, பாத்திரங்களோடு பெருமாள் படமும் ஆடும்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ரயிலே இல்லாத பெரம்பலூர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா படத்தின் இரண்டு பக்கமும் பூ வைத்து, "வலப்பக்கத்துப் பூ விழுந்தாதாங்க சம்மதம்" என்றார். தினசரி ஆட்டத்தில் படம் எப்போதோ வலப்பக்கம் சாய்ந்திருந்ததை நாங்கள் சொல்லவில்லை.

என் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "காப்பி சாப்பிடுங்க, பெருமாள் மெதுவாத்தான் குடுப்பாரு" என்றாள்.

தினமும் தாமதமாக வரும் எக்ஸ்பிரஸ் அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு வந்து தொலைத்தது. வலப்பக்கத்துப் பூ விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இன்றும் சண்டை வந்தால் என் வீட்டுக்காரர், "பெருமாளே சேத்து வச்ச ஜோடி" என்பார். நான் மனசுக்குள் அந்த ரயில் டிரைவரைத் திட்டிக்கொள்வேன்.